மடித்துத் தைத்த நுனி

தன்சீல் அகமதுவை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலை, தனகோடி கால் கழுவ மொண்ட சொம்புத் தண்ணீர் நிற்காமல் ஓடியது. சொம்பு ஆடவில்லை, கை நடுங்கவில்லை. தண்ணீர் மட்டும் உள்ளே இடப்பக்கமாகச் சுற்றி ஓடி, விளிம்பில் மோதி, வெள்ளையாக நுரைத்து, மறுபடியும் ஓடியது. அதைக் கொட்டிவிட்டு வேறு மொண்டான். அதுவும் ஓடியது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால், தொட்டித் தண்ணீர் அவனுக்கு முன்பே கிளம்பியிருந்தது. இது நடந்தது இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூலையில், ஆம்பூரில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு வாடகை வீட்டில். அன்று முதல் இன்றுவரை அந்த வீட்டில் எந்தப் பாத்திரத்திலும் தண்ணீர் நின்றதில்லை. காவிரித் தண்ணீர், போர் தண்ணீர், கடையில் வாங்கும் கேன் தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே கதிதான். வெளியே எங்கேயாவது போய் தனகோடி டம்ளரைக் கையில் எடுத்தால் அந்த டம்ளருக்கும் அதே கதி.

ஊர் இதற்கு ஒரு வாரம் ஆச்சரியப்பட்டது, பிறகு பழகிக்கொண்டது. அவன் மனைவி எழிலரசிக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. இரண்டாம் நாளே திருகு மூடி போட்ட பாத்திரங்களாகப் பார்த்து வாங்கி வந்தாள். அண்டாவின் மூடி மேல் குழவிக்கல்லைத் தூக்கி வைத்தாள். ரசம் தெளியவே மாட்டேன் என்கிறது என்பதால் ரசம் வைப்பதையே விட்டாள். மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறினால் உள்ளே யாரோ காலால் உதைப்பதுபோல் சத்தம் கேட்கும். தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, இவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் வந்துவிட்டது, நமக்கும் வந்திருக்கும் என்று குடத்தோடு கிளம்புவார்கள். பாலில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் பால் சுற்றும் என்பதைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு சைரா. அதற்கப்புறம் தினமும் காலையில் நாலைந்து பெண்கள் பால் செம்போடு வாசலில் நிற்பார்கள். தனகோடி பல் துலக்கின கையோடு ஒவ்வொரு செம்பையும் ஒரு நிமிஷம் பிடித்துக்கொடுக்க வேண்டும். சைராவின் பால் ஒரு சுற்று சுற்றி நின்றது. கடைசி வீட்டுக்காரியின் பால் செம்பை விட்டு எகிறிக் குதித்தது. பால்காரர் அந்த மாதமே தன் வழியை மாற்றிக்கொண்டார்.

தனகோடியும் தண்ணீரைப் போலத்தான் ஆகியிருந்தான். உட்கார்ந்தால் எழுந்துகொள்வான். சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவான். பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கி நடப்பான், நடந்து களைத்து மறுபடி பஸ்ஸுக்கு நிற்பான். எழிலரசிக்கு ஒரு நாள் பொறுமை போய்விட்டது. "உங்களுக்கும் தண்ணிக்கும் இன்னா தகராறுன்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிச்சிக்கோங்க. நடுவுல நான் மாட்டிக்கினு ரொம்ப பேஜாரா கீது" என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னதுதான். அவன் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்து, விளையாட்டு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. மேற்கொண்டு கேட்கவில்லை. சொல்லாதவனிடம் கேட்டு வாங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

தன்சீலும் தனகோடியும் பத்தொன்பது வயதில் ஒரே நாளில் ஷூ கம்பெனியில் சேர்ந்தவர்கள். இருவரையும் சாம்பிள் ரூமில் போட்டார்கள். வெளிநாட்டுக்குப் போகும் புது ஷூ எதுவானாலும் முதல் ஜோடி அங்கேதான் உருவாகும். தன்சீல் தோலை வெட்டுவான், தனகோடி தைப்பான். பதினான்கு வருஷம் ஒருவன் வெட்டியதை மற்றவன் தைத்தான், ஒருவன் கொண்டுவந்த டிபனை மற்றவன் சாப்பிட்டான். இரண்டாயிரத்துப் பதினெட்டில் தண்ணீரில் நடப்பதற்கான ஷூ ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. அதை ஆற்றில் போட்டுப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், யாருக்கு நீச்சல் தெரியும் என்று சூப்பர்வைசர் கேட்டார். ஆம்பூரில் அந்தக் கேள்விக்குக் கை தூக்குகிறவர்கள் கம்மி. பாலாறு என்று பலகை வைத்திருக்கிற இடத்தில் மணல்தான் இருக்கும், மணலுக்கு நடுவில் தோல் பதனிடுகிற ஷாப்புத் தண்ணீர் கொஞ்சம் நாற்றத்தோடு நிற்கும். தன்சீலுக்கும் நீச்சல் தெரியாது. ஆனால் அவன்தான் கை தூக்கினான். கேரளத்தில் மலையிலிருந்து இறங்குகிற ஒரு ஆற்றுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து, ஷூவைப் பற்றி இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, கயாக் என்கிற ஒற்றை ஆள் படகைப் பற்றி இரண்டு மாதம் பேசினான். பாறைக்குப் பாறை வெள்ளையாக இடித்துக்கொண்டு ஓடுகிற தண்ணீரில், கையில் ஒரு துடுப்போடு, அந்தப் படகில் இறங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். அதில் தானும் ஒருவனாகிவிட வேண்டுமாம்.

ஆகிவிட்டான். பழைய கயாக் ஒன்று கயிற்று மூட்டை ஏற்றிவந்த லாரியின் தலையில் ஆம்பூர் வந்து சேர்ந்தது. ஆறு இல்லாத ஊரில் அதை எங்கே போடுவது? நாட்றம்பள்ளிக்குப் பக்கத்தில் தனகோடியின் மாமாவுக்கு ஒரு பெரிய கிணறு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் படகையும் தன்சீலையும் சேர்த்துக் கயிறு கட்டி அதில் இறக்கினார்கள். படகோடு தலைகீழாகக் கவிழ்ந்து, தண்ணீருக்குள்ளிருந்தே இடுப்பை முறுக்கி நிமிர வேண்டும். அதுதான் முதல் பாடம். தனகோடி கிணற்று மேட்டில் உட்கார்ந்து எண்ணுவான். இருபதைத் தாண்டினால் பேர் சொல்லிக் கத்துவான். தன்சீல் மேலே வந்து, மூக்கைச் சிந்திவிட்டு, "இன்னா தோஸ்த், எண்றதுலகூட இவ்ளோ அவசரமா?" என்று சிரிப்பான். கிணற்று மீன்கள் அவனுக்குப் பழகிவிட்டன என்று மாமா சொல்வார். வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போடுவதற்கு முன் அவரே தன்சீலுக்கு போன் செய்து கேட்டுக்கொள்வார்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு வந்தது. தொண்ணூறு வயதுக்காரர்களுக்கே அது புதிது. ஊரெல்லாம் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்க, தன்சீல் படகை ஆற்றில் இறக்கினான். போலீஸ் மைக்கில் கத்தியது. தனகோடி பைக்கை எடுத்துக்கொண்டு ஹைவேயில் கூடவே ஓட்டினான். ஆறு தெரிகிற இடத்திலெல்லாம் நிறுத்தி, படகின் சிவப்புப் புள்ளியைத் தேடி, கண்டுபிடித்து, மறுபடி ஓட்டினான். விரிஞ்சிபுரம் கோயில் பக்கம் தன்சீல் கரை ஏறியபோது படகின் முனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மாட்டியிருந்தது. உடம்பெல்லாம் சேறு. இவனைக் கட்டிக்கொண்டு, "நம்ம ஆறு ஓடுதுடா, தனகோடி. நம்ம ஆறுடா இது" என்று சொல்லிச் சொல்லி அழுதான். தனகோடிக்கு அவன்மேல் அன்று வந்த பிரியத்தைச் சொல்லவே முடியாது. கூடவே ஒரு பயமும் வந்தது. இவனைப் பத்திரமாக வைத்திருக்கத் தன்னால் ஆனது என்ன என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தான்.

அந்த யோசனைதான் வினையாயிற்று. அடுத்த ஜூலையில் தன்சீல் மறுபடி கேரளத்துக்குக் கிளம்பினான். அன்று காலை சாம்பிள் ரூம் மேஜையில் அவனுடைய மிதவைச் சட்டை கிடந்தது, தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. மார்பைச் சுற்றி ஒரு பட்டை, முன்னால் பக்கிள், பக்கிளில் சிவப்பாக ஒரு குமிழ். பட்டையின் நுனி மடிக்கப்படாமல், தைக்கப்படாமல், வெட்டிய வாக்கில் மொட்டையாகத் தொங்கியது. பதினான்கு வருஷம் ஷூ கம்பெனியில் இருந்தவனுக்கு அது கண்ணை உறுத்தாதா? நுனி பிரிந்த ஜோடியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கற்றுக்கொண்ட கை அது. 'பினிஷிங்கே இல்லாம அனுப்பியிருக்கான் பாரு, இது உருவிக்கினு போச்சுன்னா?' என்று நினைத்தான். தன்சீல் சாப்பிடப் போயிருந்தான். தனகோடி பட்டையை பக்கிளில் கோத்திருந்தபடியே இழுத்து, நுனியை மூன்றாக மடித்து, தடித்த நைலான் நூலால் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பெருக்கல் குறியும் போட்டுத் தைத்தான். நான்கு நிமிஷ வேலை. சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, நண்பனுக்குச் செய்கிற எத்தனையோ வேலைகளில் அது ஒன்று. தன்சீல் வந்து சட்டையைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். ஆற்றங்கரையில் போட்டுக்கொள்ளும்போது அவன் அந்தத் தையலைப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால், தனகோடி தைத்தது, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பான்.

ஐந்தாம் நாள் பெங்களூர்ப் பெண் ஒருத்தி படகு கவிழ்ந்து பாறைகளுக்கு நடுவில் சிக்கினாள். இப்படிப்பட்ட நேரத்தில், ஒருவர் தன் மிதவைச் சட்டையின் அந்தப் பட்டையில், முதுகுப் பக்கம், கயிற்றை மாட்டிக்கொண்டு குதிப்பார், மற்றவர்கள் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். தன்சீல் குதித்தான். அவளைப் பிடித்துக் கரைப்பக்கம் தள்ளிவிட்டான். அவள் பிழைத்தாள். தள்ளின வேகத்தில் கயிறு இரண்டு பாறைகளுக்கு இடையில் மாட்டிக்கொண்டது. ஓடுகிற தண்ணீர் அவனைப் பின்னால் இழுத்து அழுத்தியது. அவன் கை இரண்டு தடவை மார்புக்குப் போனதைக் கரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். கயிற்றை அறுத்து அவனை வெளியே எடுப்பதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது.

ஆம்புலன்ஸோடு ஒரு மலையாளி கூட வந்திருந்தார், தன்சீலுக்குப் படகு கற்றுக்கொடுத்தவர். கபரஸ்தானில் எல்லோரும் மண் போட்டு முடித்த பிறகு அவர் தனகோடியின் பக்கத்தில் வந்து குந்தினார். "பெல்ட் ரிலீஸ் ஆயில்ல, சேட்டா" என்றார். தனகோடிக்கு விளங்கவில்லை. அவர் விரலால் மண்ணில் படம் போட்டுக் காட்டினார். கயிறு மாட்டிக்கொண்டால் சிவப்புக் குமிழை இழுக்க வேண்டும். பக்கிள் திறந்துவிடும். பட்டை மொத்தமும் உருவிக்கொண்டு கயிற்றோடு போய்விடும், ஆள் தப்பிவிடுவான். அப்படி உருவிக்கொண்டு போவதற்காகத்தான் அதன் நுனியை மொட்டையாக விட்டிருப்பார்கள். தன்சீலின் பட்டையில் யாரோ நுனியை மடித்துத் தைத்திருக்கிறார்கள், மடிப்பு பக்கிளிலேயே நின்றுவிட்டது. சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து, "ஆரா அது தச்சது?" என்று கேட்டார். தனகோடி மண்ணில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியல" என்றான். வீட்டுக்கு வந்துதான் கால் கழுவச் சொம்பை எடுத்தான்.

இதற்கு வைத்தியம் பார்க்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வேலூரில் நரம்பு டாக்டர் ஒருவர், கை நடுக்கம் என்று முதலில் எழுதினார். பிறகு அவனைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லி, அவன் தொட்டுவைத்த டம்ளர் மேஜையில் தானாகச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, எழுதியதை அடித்துவிட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். விரிஞ்சிபுரத்தில் அர்ச்சகர் அவன் உள்ளங்கையில் விட்ட தீர்த்தம் சுழித்துக்கொண்டு முழங்கை வரைக்கும் ஓடியது. அவர் அடுத்தவரிடம் போனார். தர்காவில் ஒரு பெரியவர் ஓதித் தண்ணீரில் ஊதினார், தண்ணீர் அவர் தாடியெல்லாம் தெளித்தது. அவர் துடைத்துக்கொண்டு, இவன் தலையில் கை வைத்து, "சொல்ல வேண்டியது எதனா கீதா, தம்பி?" என்று கேட்டார். "இல்ல பாய்" என்றான். கண்ணீர் வந்தது. அதுவும் நேராக இறங்காமல், மூக்கை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு காதுப்பக்கம் போனது.

தோல் ஷாப்பு வைத்திருக்கும் கலீமுல்லா வைத்தியத்தில் நம்பிக்கை இல்லாதவர், பிழைப்பில் நம்பிக்கை உள்ளவர். தோலையும் தண்ணீரையும் போட்டு உருட்டுகிற மர டிரம் அவரிடம் ஆறு இருந்தது. தனகோடியைக் கூப்பிட்டு ஒரு டிரம்மைத் தொட்டுக் கொடுக்கச் சொன்னார். கரண்ட் இல்லாமலே டிரம் சுற்றியது. கலீமுல்லா ஆனந்தத்தில் அவனைக் கட்டிக்கொண்டு, ஷூ கம்பெனியை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடச் சொன்னார். லீவு போட்டுவிட்டுப் போன நான்கு நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஐந்தாம் நாள் டிரம் நிற்க மாட்டேன் என்றது. மூடியைத் திறக்கவும் முடியவில்லை, உள்ளே இருந்த இருநூறு தோலும் இரண்டு நாள் உருண்டன. கடைசியில் எடுத்துப் பார்த்தால் தோல் மொத்தமும் நைந்து நூல்நூலாக வந்தது. "உன் தண்ணிக்கு வேல செய்யத் தெரியும், நிறுத்தத் தெரியாது" என்று சொல்லி கலீமுல்லா அவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர்மேல் தப்பு இல்லை.

இதெல்லாம் தனகோடிக்குப் பெரிய விஷயமே இல்லை. அவனுக்குப் பெரிய விஷயம் வெள்ளிக்கிழமைகளில் இருந்தது. தன்சீலின் அம்மா அக்தர் பானு பெரிய மசூதித் தெருவில் தனியாக இருந்தார். கணவர் எப்போதோ போய்விட்டார், தன்சீல் ஒரே பிள்ளை. அடக்கம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை தனகோடி அவரைப் பார்க்கப் போனபோது குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். இவன் கையில் வாங்கியதும் அது கிளம்பியது. அக்தர் பானு பயப்படவில்லை. டம்ளரை அவனிடமிருந்து வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, சின்னச் சின்ன அலை விளிம்பில் உடைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டம்ளரின் வாயில் உள்ளங்கையை வைத்து மூடி, "வந்துட்டான்" என்றார். "இவனுக்கு ஒரு எடத்துல உக்காரவே தெரியாது. வந்துட்டான் பாரு."

அன்றிலிருந்து மூன்று வருஷம், ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல், தனகோடி போனான். ஒரு டம்ளர் தண்ணீரைத் தொட்டுக் கொடுத்தான். அந்த அம்மாள் அதை முன்னால் வைத்துக்கொண்டு மகனிடம் பேசினார். கரண்ட் நின்றது, சீட்டு எடுத்தது, மச்சினி வீட்டுக் கல்யாணத்தில் உப்பு ஜாஸ்தியானது எல்லாம் சொன்னார். தனகோடி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் வாயைத் திறப்பான். சொன்னால் இந்த வீட்டு வாசல் தனக்கு மூடிவிடும். அதுகூடப் போகட்டும், அந்த டம்ளரும் அவரிடமிருந்து போய்விடுமே. பிள்ளையைக் கொண்டுவருகிற கைதான் பிள்ளையைப் பிடித்துவைத்த கை என்று தெரிந்தால் அந்தத் தண்ணீரை அவர் எப்படிப் பார்ப்பார்? வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவான். வீட்டுக்கு வந்தால் மாடித் தொட்டி உதைத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாம் வருஷப் பாத்திஹாவுக்கு உறவுக்காரர்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். ஓதி முடித்துச் சாப்பாடும் முடிந்தது. அக்தர் பானு பீரோவைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த மிதவைச் சட்டையை எடுத்து வந்து நடுக் கூடத்தில் விரித்தார். மலையாளி அவரிடம் பையோடு கொடுத்துவிட்டுப் போனது அது. பட்டையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "பாருங்க. அந்த ஆறு பாறையயே தேய்ச்சிடுமாம். இந்தத் தையல் ஒரு நூல்கூட வுடல பாருங்க. இது நம்ம தனகோடி தையல், எனக்குத் தெரியும், என் புள்ள போட்டிருந்த செருப்புக்கெல்லாம் இதே கட்டந்தான் போடுவான். கடைசி நிமிஷம் வரைக்கும் என் புள்ளைய வுடாம புடிச்சிக்கினு இருந்தது இதுதான்." சொல்லிவிட்டுத் தனகோடியின் வலது கையை இழுத்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். உறவுக்காரர்கள் 'மாஷா அல்லா' என்றார்கள்.

தனகோடிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எல்லோரும் கிளம்பும் வரைக்கும் காத்திருந்தான். கடைசி ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியதும் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தான். மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா, அது பிரியணும்மா" என்றான். "பிரியறதுக்குத்தான் அத அப்படி வுட்டு வெச்சிருந்தாங்க. கயிறு மாட்டிக்கிச்சின்னா இந்தக் குமிழ இழுத்தா மொத்தமும் உருவிக்கினு போய்டணும். நான்தான் தெரியாம மடிச்சித் தெச்சிட்டேன். அவன் இழுத்துருக்கான்மா. ரெண்டு தபா இழுத்துருக்கான். நான் தெச்சது வுடல. கபரஸ்தான்ல அவரு யாரு தெச்சதுன்னு கேட்டாரு. தெரியலன்னு சொல்ட்டேன்."

அக்தர் பானு சட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். குமிழைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பக்கிள் திறந்தது, பட்டை ஓடியது, மடிப்பு வந்து தட்டி நின்றது. திரும்ப மாட்டி, மறுபடி இழுத்தார். மறுபடி நின்றது. தையலின்மேல் கட்டை விரலை வைத்துத் தடவினார்.

"இத தைக்க எவ்ளோ நேரம் ஆச்சி?" என்று கேட்டார்.

"நாலு நிமிஷம் இருக்கும்மா."

"போ" என்றார்.

போனான். வீட்டில் எழிலரசியிடமும் அன்றே சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "இத்த மூணு வருஷமாவா வயித்துல வெச்சினு சுத்துன?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை ஒருமையில் பேசாதவள், அன்று தன்னை அறியாமல் பேசினாள். பேசிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிட்டால் தண்ணீர் அடங்கிவிடும் என்று தனகோடி மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தான். ஒரு விரற்கடைகூட அடங்கவில்லை. குழவிக்கல் மூடியின்மேல் முன்போலவே ஆடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. பழக்கத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு பெரிய மசூதித் தெரு முனை வரைக்கும் போய்விட்டான். அங்கிருந்து கதவு தெரிந்தது. அதைத் தட்டக் கை வராது என்று தெரிந்து, ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். ஒரு ரயில்வே போலீஸ்காரர் எந்த வண்டிக்கு என்று கேட்டார். எந்த வண்டிக்கும் இல்லை என்றான். கம்பெனியில் ஒரு வாரத்தில் மூன்று ஊசி உடைத்தான். மடித்துத் தைக்க வேண்டிய இடம் வந்தால் கை நின்றுவிடும், பக்கத்து மெஷின்காரியைக் கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் தைத்துத் தரச் சொல்வான். அக்தர் பானுவுக்கு என்ன ஆயிற்றோ, சாப்பிடுகிறாரோ இல்லையோ என்று சைராவை அனுப்பிப் பார்க்கச் சொன்னான். கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே பாத்திரம் சத்தம் கேட்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை என்று அவள் வந்து சொன்னாள்.

பதினொரு நாள் இப்படிப் போயிற்று. பன்னிரண்டாம் நாள் காலை பால் செம்புக்காரிகள் நடுவில் அவன் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்தர் பானு. அவன் எடுத்துக் காதில் வைத்தான்.

"இங்கயும் ஆரம்பிச்சிடிச்சி" என்றார் அவர். "நீ போன மறுநாள்லருந்து. குடம், சொம்பு, பக்கெட்டு ஒண்ணும் நிக்கல. தொழுவறதுக்குக் கை கால் கழுவ உக்காந்தா துப்பட்டாவெல்லாம் நனைச்சி வுடுது. குடிக்கப் போனா மூக்குல ஏறுது. ரெண்டு நாளா தண்ணியே சரியா குடிக்கல. நீ எப்படிதான் குடிக்கிற? வந்து சொல்லிக்குடு."

தனகோடி செம்பைத் திருப்பிக் கொடுக்காமல் கையோடு கொண்டு ஓடிவிட்டான். அந்தச் செம்புக்காரி இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள். பெரிய மசூதித் தெருவில் கதவு திறந்தே இருந்தது. கூடமெல்லாம் ஈரம். அக்தர் பானு இளைத்திருந்தார், உதடு காய்ந்திருந்தது. ஜன்னலில் யாரும் தொடாத ஒரு டம்ளரில் தண்ணீர் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"நேரா புடிக்கக் கூடாதும்மா" என்றான். "அது எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கமே சாய்க்கணும். எதுத்து வாய வெச்சா மூஞ்சில அடிக்கும். அது வர்ற வழில உதட்ட வெச்சினு, கொஞ்ச கொஞ்சமா உள்ள வுடணும். மூச்ச புடிக்காதீங்க. நுரை வந்தா நிறுத்திட்டு, அது போன பின்னாடி குடிங்க."

முதல் தடவை தாடையெல்லாம் கொட்டிக்கொண்டார். இரண்டாம் தடவை இருமினார். தனகோடி அவர் முதுகைத் தட்டப் போன கையைப் பாதியில் நிறுத்தினான். அவர் அதைப் பார்த்தார். "தட்டு" என்றார். தட்டினான். மூன்றாம் தடவை டம்ளரை இடப்பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, முழுவதும் குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு டம்ளரைத் தரையில் வைத்தார்.

"உன்னாலதான் போனானா, அல்லா எழுதுனது அவ்ளோதானா, எனக்குத் தெரியல" என்றார். "உன்ன நெனச்சி எவ்ளோ திட்டுனேன்னு உனக்குத் தெரியாது. இன்னும் திட்டுவேன். நீ இன்னும் சாப்ட்டிருக்க மாட்ட. உக்காரு."

உட்கார்ந்தான். அவர் உள்ளே போய் இரண்டு தட்டில் சோறு போட்டு, தால்ச்சா ஊற்றிக்கொண்டு வந்து, அவன் எதிரில் தானும் உட்கார்ந்தார். இரண்டு தட்டிலும் தால்ச்சா சோற்றைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு கையால் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் சாப்பிட்டார்கள்.